தந்திக்குத் தினம் இரண்டு நிமிஷம்

நவராத்திரி வந்தால் நம் வீடுகளில் வீணைக்கு நடக்கும் உபசாரத்தைச் சொல்லி முடியாது. உறையைக் கழற்றி, தூசியைத் தட்டி, குடத்திற்குச் சந்தனம் இட்டு, யாளி முகத்தில் பூச்சூட்டி, கொலுவுக்குப் பக்கத்தில் மணை போட்டு வைக்கிறோம். விஜயதசமி கழிந்ததும் வீணை மறுபடியும் உறைக்குள் புகுந்து, சுவரோரமாய் அடுத்த புரட்டாசியை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறது. வாக்தேவியின் வாத்தியத்தினிடம் நமக்குப் பக்தி இல்லை என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பக்தி வேறு, பராமரிப்பு வேறு. பக்திக்கு வருஷத்தில் ஒரு நாள் போதும். பராமரிப்புக்குத் தினமும் இரண்டு நிமிஷம் வேண்டும்.

உறையை எடுத்துச் சாரணித் தந்தியை விரலால் தடவிப் பாருங்கள். அநேக வீடுகளில் விரல் நுனியில் காவி நிறப் பொடி ஒட்டிக்கொள்ளும். மந்தரத் தந்தியோ கறுத்துப் போயிருக்கும். இந்த வீணையின் முன்னால் ஒரு குழந்தையை உட்கார வைத்து, ஸரளி வரிசை வாசிக்கச் சொல்லுகிறோம். ஸ்வரம் கூடி வருவதில்லை. "கவனம் போதாது" என்று தாயார் கோபித்துக்கொள்கிறாள். "சாதகம் போதாது" என்கிறார் வாத்தியார். குழந்தையும், தனக்குச் சங்கீதம் வராது என்று தீர்மானித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறது. உண்மைக் குற்றவாளி அந்தத் துருப்பிடித்த கம்பிதான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

நம் முன்னோர்கள் இவ்விஷயத்தில் அலட்சியமாய் இருந்தவர்கள் அல்லர். பழந்தமிழில் யாழின் தந்திக்கு நரம்பு என்று பெயர். ஸ்வரத்திற்கும் அதே சொல் வழங்கியது. நரம்பு கெட்டால் ஸ்வரம் கெட்டது என்பது அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப் போட்டிக்கு வந்த சீவகன், தனக்குக் கொடுத்த யாழை உடனே மீட்டிவிடவில்லை. முதலில் மரத்தைப் பரிசோதிக்கிறான். பிறகு நரம்பைப் பரிசோதிக்கிறான். நரம்புக்குள் மயிர் இருப்பதைப் பிரித்துக் காட்டுகிறான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றங்கள் நான்கு என்று நம் பழைய இசை மரபு வகுத்திருக்கிறது. மகா மகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டில் அந்த மகாகாவியத்தை அச்சிட்டுத் தந்திராவிடில், இந்த நுட்பத்தைக்கூட நாம் மறந்து போயிருப்போம். இன்று நரம்புக்குப் பதில் உலோகக் கம்பி வந்துவிட்டது. அந்த நான்கு குற்றங்களின் ஸ்தானத்தில் துரு, களிம்பு, பிசுக்கு, நெளிவு என்று வேறு நான்கைச் சொல்லலாம்.

"தந்தி என்ன பிரமாத விலையா? கெட்டால் வேறொன்று வாங்கிப் பூட்டினால் தீர்ந்தது!" என்று சிலர் சொல்லக்கூடும். கெட்டவுடன் மாற்றுவார்களானால் நமக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் அறுந்து விழும் வரையில் தந்தியை மாற்றாதிருப்பதே நம் வீட்டு வழக்கம். அதற்குள் மூன்று நஷ்டங்கள் நேர்ந்துவிடுகின்றன. முதலாவது, கற்றுக்கொள்ளும் குழந்தையின் காது கெடுகிறது. தப்பான ஸ்வரத்தையே சரியான ஸ்வரமென்று அது பழகிக்கொள்கிறது. இரண்டாவது, சொரசொரப்பான கம்பியை இழுத்து இழுத்து விரல் நுனி புண்ணாகிறது. மூன்றாவதுதான் பெரிய நஷ்டம். வீணையின் 24 மெட்டுகளும் பித்தளை அல்லது வெண்கலத்தால் ஆனவை. சாரணியோ அவற்றைவிடக் கடினமான எஃகு. துருவேறிய எஃகுக் கம்பி ஒவ்வொரு கமகத்துக்கும் மெட்டின் தலையில் அரம் போல் உராய்கிறது. நாளடைவில் மெட்டில் பள்ளம் விழுகிறது. அப்புறம் மெழுகை எடுத்துவிட்டு, புதிதாய் மேளம் கட்ட வேண்டியதுதான். மேளம் கட்டுவதென்றால் காதும் கையும் ஒருங்கே தேர்ந்த தொழிலாளி வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் அகப்படுவதில்லை. சில ரூபாய்த் தந்தியைக் கவனியாததன் பலன், இவ்வளவு தூரத்தில் போய் முடிகிறது.

தந்தி ஏன் கெடுகிறது?

வீணையின் ஏழு தந்திகளில், மேளத்தின் மேல் செல்லும் நான்கிற்குச் சாரணி, பஞ்சமம், மந்தரம், அநுமந்தரம் என்று பெயர். மற்ற மூன்றும் பக்கத்தில் இருந்து தாளத்திற்கும் சுருதிக்கும் துணை செய்பவை. சாரணி, பஞ்சமம், பக்கத் தந்திகள் ஆகியவை எஃகு. மந்தரமும் அநுமந்தரமும் பெரும்பாலும் பித்தளையாகவோ, சுற்றுக் கம்பியாகவோ இருக்கும்.

எஃகு என்பது பெரும்பகுதி இரும்புதான். இரும்புக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் துரு உண்டாகிறது. இவ்விரண்டோடு உப்பும் சேர்ந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. நம் விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது; சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரைப் பட்டணங்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. துருவின் கெட்ட குணம் என்னவென்றால், அது நுண்துளைகள் உள்ள பொருள். தான் பிடித்த இடத்தில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடியிலுள்ள நல்ல இரும்பையும் தின்னத் தொடங்குகிறது. பித்தளைக்கு இந்தத் துரு இல்லை. ஆனால் அதிலுள்ள செம்பு கறுத்துக் களிம்பேறுகிறது.

இனி, எண்ணெய். வீணை வாசிப்பவர்கள் இடது கை விரல்கள் வழுக்கிச் செல்வதற்காகச் சிறிது எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம். அது கூடாதென்று நாம் சொல்லவில்லை. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு எஃகை ஈரத்தினின்றும் ஓரளவு காக்கவும் செய்கிறது. ஆனால் வாசித்து முடித்தபின் அதைத் துடைக்காமல் விட்டுவிட்டால், தூசியும், தேய்ந்த மெட்டின் பொடியும் அதில் ஒட்டிக் கரிய பசையாகிவிடுகின்றன. அநேக வீணைகளில் மெட்டுகளுக்கு அருகே காணப்படும் கறுப்பு அழுக்கு இதுதான்.

சுருதி சேராத காரணம்

அழுக்குக்கும் அபஸ்வரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். தந்தியின் ஸ்வரம் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: அதன் நீளம், அதன் இறுக்கம், அதன் கனம். பிரான்ஸ் தேசத்து மெர்ஸென் என்ற பாதிரியார் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். தந்தியைத் தட்டினால் எழுவது ஒற்றை நாதம் அன்று. மூல நாதத்தோடு, அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று அநேக உப நாதங்கள் கூடவே எழுகின்றன. தந்தி முனைக்கு முனை ஒரே சீரான கனத்தோடு இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். ஓரிடத்தில் துரு அரித்துக் கம்பி மெலிந்து, வேறோரிடத்தில் பிசுக்கு அப்பிக் கனத்து நின்றால், உப நாதங்கள் தத்தம் இடத்தை விட்டு விலகுகின்றன. அப்போது பிருடையை எவ்வளவு திருகினாலும் தந்தி சுருதியில் நிற்காது. மேலும், அழுக்கு ஏறிய தந்தியில் உயர்ந்த உப நாதங்கள் எழுந்த மாத்திரத்தில் அடங்கிவிடுகின்றன. "வீணையில் முன்போல் நாதம் இல்லை" என்று நாம் சொல்வது இதைத்தான்.

நம் வீணைக்கு இந்த உப நாதச் செல்வம் விசேஷமாய் உண்டு. ஸர் சி. வி. ராமன் 1921-ஆம் ஆண்டில் இந்தியத் தந்தி வாத்தியங்களைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்றிருக்க வேண்டிய உப நாதங்கள் எழக்கூடாது என்பது மேனாட்டு விஞ்ஞானிகள் வகுத்த விதி. வீணையிலும் தம்புராவிலும் அந்த உப நாதங்களும் எழுகின்றன என்று ராமன் காட்டினார். இவ்வாத்தியங்களின் குதிரை கூர்மையான விளிம்பாக இல்லாமல், சற்றே வளைந்த அகலமான தளமாக இருப்பதும், தந்தி அத்தளத்தைத் தொட்டும் தொடாமலும் அதிர்வதுமே இதற்குக் காரணம். ஏட்டறிவோடு கைப்பழக்கமும் கொண்டு நம் தொழிலாளர்கள் கண்டுபிடித்த நுட்பம் அது. அந்தத் தளத்தில் அழுக்கு படிந்துவிட்டால், அத்தனை நுட்பமும் வீணாகிறது.

வாசிக்கும் முன்னும் பின்னும்

வாசிக்க உட்காருமுன் சோப்பிட்டுக் கைகழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். சமையலறையிலிருந்து நேரே வந்து வீணையைத் தொடுவது கூடாது. உப்பும் புளியும் பட்ட விரலைப்போல் தந்திக்குப் பகை வேறில்லை. எண்ணெய் வேண்டுமானால் பஞ்சில் ஓரிரு துளி நனைத்து விரல் நுனியில் தொட்டுக்கொண்டால் போதும். பஞ்சை வாரத்திற்கொரு முறை மாற்றிவிட வேண்டும். நாட்பட்ட எண்ணெய் பிசுக்காகிவிடும்.

வாசித்து முடித்ததும் இரண்டு நிமிஷம் செலவிடுங்கள். கஞ்சி போடாத பழைய வேஷ்டித் துணி இதற்கு மிகவும் உகந்தது. விரற்கடை அகலத்தில் நாடாவாகக் கிழித்து, தந்திக்கு அடியில் நுழைத்து, இரண்டு நுனிகளையும் மேலே சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குடத்துப் பக்கமிருந்து யாளிப் பக்கம் வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். தந்தியின் மேற்பக்கத்தை மாத்திரம் துடைப்பதில் பாதிப் பிரயோசனந்தான். விரல் படுவது மேலே. மெட்டில் உராய்வது அடிப்பக்கம். பசை சேர்வதும் அங்கேதான். பிறகு, குதிரையின் மேல் தந்தி படியும் இடத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணி கறுத்துவிட்டால் துவைத்து உலர்த்திய பிறகே மறுபடி உபயோகிக்கலாம். அழுக்குத் துணியால் துடைப்பது அழுக்கை இடம் மாற்றுவதே தவிர வேறல்ல.

செய்யத் தகாதவை

நம் சகோதரிகளுக்குப் பித்தளையைக் கண்டால் புளி நினைவுக்கு வருவது இயல்பு. குத்துவிளக்குக்கு ஏற்ற உபசாரம் வீணைக்கு ஏற்காது. புளியின் அமிலம் எஃகை அரிக்கும். சாம்பலும் உப்புக் காகிதமும் கம்பியின் வழவழப்பைப் போக்கி, துரு பிடிப்பதற்கு இடம் செய்து கொடுக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலியவற்றால் துடைப்பதும் அபாயம். மெட்டுகளைத் தாங்கும் மெழுகு அவற்றில் கரையும். வெயிலில் காய வைக்கலாமென்று எண்ணினால் மெழுகு இளகி, மெட்டுகள் இடம் பெயர்ந்துவிடும். பூஜையன்று சந்தனமும் குங்குமமும் குடத்தின் பக்கத்தில் ஒரு பொட்டாக இருக்கட்டும். தந்தியிலும் குதிரையிலும் வேண்டாம். ஈரச் சந்தனம் ஓர் இரவு தந்தியில் இருந்தால், மறுநாள் அந்த இடத்தில் துரு விதைத்தாகிவிட்டது.

தினமும் வாசித்தபின் தந்தியைத் தளர்த்தி வைப்பது நல்லதென்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. தளர்த்துவதும் இறுக்குவதுமாய் இருந்தால் பிருடைக்கு அருகில் கம்பி வளைந்து வளைந்து, அவ்விடத்தில் முறிந்துவிடும். மாதக்கணக்கில் வாசிக்காமல் வைக்க நேர்ந்தால் மாத்திரம் ஓரிரு ஸ்வரம் இறக்கி வைக்கலாம். முற்றிலும் அவிழ்த்துவிடக் கூடாது. அவ்வாறே, பாடுகிறவருக்காக வீணையை அடிக்கடி ஏற்றி இறக்குவதும் தந்தியின் ஆயுளைக் குறைக்கும். ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு ஏற்றினால், தந்தியின் இறுக்கம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகிறது. அதிக சுருதி வேண்டுமானால் அதற்கேற்ற மெல்லிய தந்தியைப் பூட்டுவதே முறை.

புதுத் தந்தி பூட்டும்போது

இவ்வளவும் செய்தாலும் தந்திக்கு ஓர் ஆயுள் உண்டு. அது முடிந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? நகத்தால் தந்தியின் அடிப்பக்கத்தை வருடிப் பாருங்கள். மெட்டுகளுக்கு நேராகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. இன்னொரு சோதனையும் உண்டு. வெறுந்தந்தியை மீட்டி, பிறகு பன்னிரண்டாவது மெட்டில் பிடித்து மீட்டினால், மேல் ஷட்ஜம் சுத்தமாய்ப் பேச வேண்டும். பேசாவிட்டால் புதுத் தந்தி பூட்டிப் பாருங்கள். அப்போது சேர்ந்துவிட்டால் குற்றம் பழைய தந்தியினுடையது. அப்போதும் சேராவிட்டால்தான் மேளத்தைப்பற்றி யோசிக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல், மேளம் கட்டக் கொடுத்துப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

எல்லாத் தந்திகளையும் ஒரே சமயத்தில் அவிழ்க்க வேண்டாம். குதிரை இடம் பெயரக்கூடும். ஒன்றை அவிழ்த்து, அதைப் பூட்டி, பிறகு அடுத்ததைத் தொடலாம். சுருளைப் பிரிக்கும்போது கம்பியில் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மடிந்த இடந்தான் பின்னால் அறும் இடம். பிருடையில் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பக்கத்தில் பக்கத்தில் படிய வேண்டும். தந்தி எப்போதும் ஒரே இடத்தில் அறுந்துகொண்டிருந்தால் கம்பியைக் குறை சொல்லாதீர்கள். அந்த இடத்தில் கூர்மையான விளிம்பு ஏதோ இருக்கிறது. வாத்தியத் தொழிலாளியிடம் காட்டி மழுங்கச் செய்ய வேண்டும். சுருதி ஏற்றும்போது முகத்தைத் தந்திக்கு நேராக வைக்கலாகாது. அறுந்தால் கண்ணுக்கு ஆபத்து. வெட்டிய துண்டுகளையும் உடனே பொறுக்கிவிட வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீடுகளில் இதை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். உபரித் தந்திகளை எண்ணெய்த் தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் பல நாள் கெடாது.

தம்புரா, பிடில், கிட்டார்

தம்புராவுக்கும் மேற்கூறிய முறைகளே போதும். ஆனால், ஜீவா என்று சொல்லும் நூல் வைக்கும் இடத்தைத் தனியே கவனிக்க வேண்டும். அவ்விடத்தில் தந்தி துருவேறியிருந்தால் நூலை எப்படி நகர்த்தினாலும் ரீங்காரம் பிறக்காது.

பிடிலுக்குப் பகை குங்கிலியப் பொடி. வாசித்தவுடன் தந்தியிலிருந்தும் மரத்தின் மேலிருந்தும் அதை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். சாராயம் கலந்த திரவங்களை அருகில் கொண்டுபோகக் கூடாது. பிடிலின் வார்னிஷ் கரைந்துவிடும். பிடிலிலும் நான்கு தந்திகளையும் ஒன்றாய்த் தளர்த்தினால், உள்ளே நிற்கும் சிறு குச்சி சாய்ந்துவிடும்.

இப்போது நம் குழந்தைகள் பலர் கிட்டார் பயில்கிறார்கள். அது அந்நிய வாத்தியமாயிற்றே என்று நாம் முகம் சுளிக்கப் போவதில்லை. பிடிலும் கடல் கடந்து வந்ததுதான். பாலுஸ்வாமி தீக்ஷிதரும் தஞ்சை வடிவேலுவும் அதை நம்முடையதாக்கினார்கள். கிட்டாரின் எஃகுத் தந்திகளுக்கு வீணைக்குச் சொன்ன விதியே விதி. தடித்த தந்திகளில் எஃகின் மேல் வெண்கலக் கம்பி சுற்றியிருக்கும். அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் புகுந்து நாதத்தை மழுக்கிவிடும். சிக்கனக்காரர்கள் அத்தகைய தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்து எடுக்கிறார்கள். அழுக்கு கரைந்து நாதம் திரும்புவது உண்மை. ஆனால் அது சில நாளைக்குத்தான். நன்றாய் உலர்த்தாவிட்டால் அதுவே துருவுக்குக் காரணமாகும். மெல்லிய பிளாஸ்டிக் உறை பூசிய தந்திகள் 1990-களில் கடைக்கு வந்தன. விலை அதிகமானாலும், கடற்கரை ஊர்களுக்கு அவை ஏற்றவை.

மற்றொரு வகைக் கிட்டாரில் நைலான் தந்தி பூட்டுகிறார்கள். அதற்கொரு சரித்திரம் உண்டு. முன்னெல்லாம் அதற்கு ஆட்டுக் குடலால் ஆன நரம்பையே பூட்டி வந்தார்கள். இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது, காயம் தைப்பதற்கு அந்த நரம்பு தேவைப்பட்டதால் வித்வான்களுக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது நியூயார்க்கில் இருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்ற தொழிலாளி நைலான் இழையைக்கொண்டு தந்தி செய்து பார்த்தார். ஸ்பெயின் தேசத்து மகா வித்வான் ஆந்த்ரே ஸெகோவியா அதை ஆதரித்தார். அன்று முதல் நைலான் நிலைத்துவிட்டது. நைலான் துருப்பிடிப்பதில்லை, ஆனால் மெட்டில் உராய்ந்து தேய்கிறது. அதையும் துடைத்தே வைக்க வேண்டும்.

மழைக்காலமும் குளிர் அறையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுவரோரம் ஓதமாக இருக்கும். அம்மாதங்களில் வீணையைச் சுவரை ஒட்டியும் ஜன்னலுக்கு நேராகவும் வைக்கக் கூடாது. உறையும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வாரம் ஒரு முறை உறையை மாத்திரம் வெயிலில் உலர்த்துங்கள். மருந்துப் புட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறிந்துவிடாமல் பெட்டிக்குள் போட்டு வைக்கலாம். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும் வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து உடனே எடுக்கலாகாது. குளிர்ந்த கம்பியின் மேல் வெளிக்காற்றின் ஈரம் முத்து முத்தாய்ப் படியும். கால் மணி நேரம் பொறுத்துத் திறந்தால் அந்தத் தொல்லை இல்லை.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013-ஆம் ஆண்டில் கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பலா மரத்தைக் குடைந்து அந்த வீணையைச் செய்கிற தொழிலாளிக்கு, அது ஒரு வீட்டு மூலையில் உறையோடு நின்று துருப்பிடிக்கிறதென்றால் என்ன பெருமை? நம் வீடுகளில் வீணை மூலைக்குப் போவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் படிப்போடும் கலியாணத்தோடும் ஆரம்பமாகிறது. சில வருஷம் கழித்து அவள் ஆசையோடு உறையைப் பிரிக்கிறாள். கர்ணகடூரமான ஓசையைக் கேட்டு, தன் கைதான் மறந்துபோயிற்று என்று நினைத்துத் திரும்பவும் மூடி வைத்துவிடுகிறாள். அவள் கை அவ்வளவாக மறந்திருக்காது. தந்தியை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

அத்தகைய வீணை தங்கள் வீட்டில் உள்ள நேயர்கள், வருகிற நவராத்திரிக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கடைக்குப் போய் ஒரு ஜதை சாரணித் தந்தி வாங்கி வாருங்கள். வீட்டில் கிழிந்த வேஷ்டி ஒன்று இல்லாமலா போகும்?